வீட்டுக்குள் சாக்கடை வாடையா? எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

பாத்ரூமில் சாக்கடை வாடை அடித்ததும் பலரும் தேடுவது பினாயில் பாட்டிலைத்தான். கொஞ்ச நேரம் மணக்கும், அப்புறம் பழைய கதை. கழிவுநீர்க் குழாய்க்குள் இருக்க வேண்டிய காற்று வீட்டுக்குள் வர எங்கோ வழி கிடைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒன்றை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சமையல் கேஸில் கசிவு தெரிவதற்காகவே நாற்றம் சேர்க்கிறார்கள்; அதுவும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும். அடுப்புப் பக்கம் வாடை அதிகம் என்றால் சுவிட்ச் எதையும் தொடாமல், கேஸை மூடி, ஜன்னலைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள்.

படி 1: எல்லா வடிகாலிலும் தண்ணீர் ஊற்றுங்கள்

சிங்க், வாஷ் பேசின், பாத்ரூம் தரை என எல்லா வடிகாலுக்கும் கீழே ட்ராப் என்று ஒரு வளைவு இருக்க வேண்டும். அதில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் காற்றுக்கு மூடி. பொதுவாக 50 மில்லிமீட்டர் ஆழம் நின்றாலே போதும். புழங்காத பாத்ரூமில் அது ஆவியாகிக் காய்ந்துவிடும், வழி திறந்துவிடும். ஒவ்வொன்றிலும் இரண்டு மக் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் பாருங்கள். வாடை நின்றால் அவ்வளவுதான், வேலை முடிந்தது. அடிக்கடி காய்கிற இடம் என்றால் தண்ணீருக்கு மேல் ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள், ஆவியாவது குறையும்.

படி 2: கவர் கட்டிப் பாருங்கள்

இன்னும் வாடை இருக்கிறதா? ஒவ்வொரு வடிகால் வாயையும் பிளாஸ்டிக் கவரால் மூடி ஓரமெல்லாம் டேப் ஒட்டிவிட்டு, சில மணி நேரம் கழித்து ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்து பாருங்கள். எதில் குப்பென்று அடிக்கிறதோ, அதுதான் ஆள். நடுநடுவே வெளியே போய் வாருங்கள். அழுகிய முட்டை மாதிரி நாறும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு மூக்கு சீக்கிரம் பழகிவிடும். வாடை போய்விட்டது போலத் தோன்றும், ஆனால் போயிருக்காது.

படி 3: அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள்

வாஷ் பேசின் என்றால் குனிந்து அடியில் பாருங்கள். மடங்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று நேராக இறங்கி, சுவரிலோ தரையிலோ உள்ள பெரிய குழாய்க்குள் சும்மா செருகி நிற்கிறதா? பல வீடுகளில் வில்லன் இதுதான். செருகிய இடத்தைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அங்கே கையை வைத்தால் காற்று வருவதுகூடத் தெரியும். இதற்கென்று கிடைக்கும் ரப்பர் வளையத்தைப் போட்டு இறுக்குங்கள். குழாயில் வளைவே இல்லையென்றால், அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் பாட்டில் ட்ராப் மாட்டுங்கள். வாஷிங் மெஷின் குழாயிலும் இதே கோளாறு வரும்.

தரை வடிகாலில் ஜாலியைத் தூக்கினால் உள்ளே கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒன்று இருக்க வேண்டும் (எல்லா மாடலிலும் இருக்காது). தண்ணீர் வேகமாக இறங்கட்டும் என்று யாராவது அதைக் கழற்றி வீசியிருப்பார்கள். திரும்ப வைத்துவிடுங்கள். சிக்கிய முடியையும் எடுத்துவிடுங்கள். அது திரி மாதிரி ட்ராப் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றிவிடும்.

டாய்லெட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் அடியில் இருக்கும் சீல் விட்டிருக்கும். மேலே மட்டும் சிலிகான் பூசி மூடுவது வீண் வேலை. கழற்றித்தான் சீல் மாற்ற வேண்டும், அதற்கு பிளம்பர் தேவை.

ஆசிட்டையும் பிளீச்சையும் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், அது இந்த வாடையைவிட மோசம்.

படி 4: குளக் குளக் சத்தம் கேட்கிறதா?

ஃப்ளஷ் செய்யும்போது பக்கத்து வடிகாலில் அப்படிக் கேட்டால் மொட்டைமாடிக்குப் போகும் வென்ட் பைப்பை (கழிவுநீர்க் குழாய்க்குள் காற்று போய்வருவதற்கான குழாய்) சந்தேகப்படுங்கள். பறவைக் கூடோ சருகோ அதை அடைத்திருந்தால் ஃப்ளஷ் தண்ணீர் இறங்கும் வேகம் ட்ராப் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். பாதுகாப்பாக எட்ட முடிந்தால் அடைப்பை எடுத்துவிட்டு வாயில் வலை கட்டுங்கள். மெயின் லைனில் அடைப்பு இருந்தாலும் இதே சத்தம் வரும். அப்போது எல்லா வடிகாலிலும் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால் சுவருக்குள் குழாய் விரிசல் விட்டிருக்கலாம். குழாய்க்குள் புகை செலுத்திப் பார்க்கும் சோதனை செய்யத் தெரிந்த பிளம்பரைக் கூப்பிடுங்கள். புகை எங்கே கசிகிறதோ அங்கே மட்டும் உடைத்தால் போதும். செப்டிக் டேங்கையோ மேன்ஹோலையோ மட்டும் நீங்களாகத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். ஒரே மூச்சில் ஆளை மயக்கிவிடும் அளவுக்கு அங்கே வாயு சேர்ந்திருக்கும்.