மழைச் சாதனை எண்களைச் சரிபார்ப்பது எப்படி?

"உலகிலேயே அதிக மழை" என்று ஒரு எண் கண்ணில் பட்டால், அது எவ்வளவு நேரத்தில் பெய்தது என்று முதலில் பாருங்கள். ரீயூனியன் தீவின் ஃபோக்-ஃபோக்கில் 1966 ஜனவரி 7-8இல் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ.; சிரபுஞ்சியில் 1860 ஆகஸ்ட் தொடங்கி ஓராண்டில் சுமார் 26,470 மி.மீ. இரண்டும் சாதனைதான், ஆனால் ஒப்பிடக் கூடாது.

அடுத்து, அளந்த விதம். மழைமானி நிரம்பி வழிந்தால் எண் குறைந்துவிடும். பலத்த காற்றும் துளிகளை மானியின் வாயில் விழவிடாது.

வாளியில் தேங்கிய நீரை வைத்துச் சொல்கிறார்களா? அடி குறுகிய வாளியில் ஸ்கேல் வைத்து ஆழம் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். நீரை அளவுக் குவளையில் ஊற்றி, வரும் மில்லிலிட்டரை வாளி வாயின் பரப்பால் (சதுர செ.மீ.) வகுத்து, 10ஆல் பெருக்குங்கள். வாயின் விட்டம் 20 செ.மீ. என்றால் பரப்பு 314, 3.14 லிட்டர் சேர்ந்திருந்தால் 100 மி.மீ. மழை. கூரைத் தண்ணீர் அதில் விழுந்ததா என்றும் கட்டாயம் கேளுங்கள்.

வறட்சியில் சிக்கல் வேறு. சிலியின் அரிகாவில் 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை மழையே பதிவாகவில்லை. இப்படிப்பட்ட நீண்ட தொடர்களில் பதிவேட்டைத் தேதிவாரியாகப் பாருங்கள்: எழுதாமல் விட்ட நாளைப் பூஜ்யமாகக் கணக்கிட்டால், இல்லாத வறட்சி முளைத்துவிடும்.