ஃபாஸ்ட்னா வேகம் மட்டும் இல்ல: ஒரு இங்கிலீஷ் வார்த்தைய வேரோட புடிக்கிறது எப்படி

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா, அதாவது ஆர்டர்கள பாத்துக்கிற வேலையில சேர்ந்த மூணாவது வாரம், துணி வாங்குற பையர்கிட்ட இருந்து ஒரு மெயில், இந்த சிவப்பு டி-ஷர்ட்டுக்கு ஃபாஸ்ட்னெஸ் எவ்வளவுன்னு கேட்டு. ஃபாஸ்ட்னா வேகம்தானேன்னு நெனச்சு ஷிப்மெண்ட் தேதிய டைப் பண்ணி அனுப்பிட்டேன். அவங்க கேட்டது சாயம் போகுமா நிக்குமான்னு. சீனியர் அக்கா ஒருத்தங்க என்னை லேபுக்கே கூட்டிட்டுப் போய் காமிச்சாங்க. அந்த சிவப்புத் துணி மேல சின்ன வெள்ளை காட்டன் துண்ட வெச்சு மெஷின் பத்து தடவ முன்னும் பின்னும் தேய்க்குது, அப்புறம் அந்த வெள்ளைத் துண்ட எடுத்து கிரே ஸ்கேல் அட்டைக்கு, அதாவது சாயம் எவ்வளவு ஒட்டியிருக்குன்னு மார்க் போடுற அட்டைக்குப் பக்கத்துல வெச்சுப் பாக்குறாங்க. 5 வந்தா சாயம் ஒட்டவே இல்ல, 1 வந்தா ரொம்ப மோசம். காஞ்ச துணியில 4 வந்த அதே சிவப்பு, நனைச்சுத் தேய்ச்சதும் 2-3க்கு, அதாவது ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல எறங்கிடுச்சு.

அன்னிக்கு ராத்திரி அந்த ஒரு வார்த்தைய உட்கார்ந்து தேடினேன். அந்த முறைய அப்படியே தர்றேன், வேற எந்த வார்த்தைக்கும் இதே மாதிரி செய்யலாம்.

ஸ்டெப் 1: உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச பிரயோகங்கள மட்டும் நோட்டுல எழுதுங்க, அர்த்தம் எழுதாதீங்க. நான் எழுதினது: ஃபாஸ்ட் டிரெயின், ஃபாஸ்ட் கலர், பிரேக்ஃபாஸ்ட், ஃபாஸ்ட் அஸ்லீப், அப்புறம் பிளேன்ல சீட் பெல்ட்ட மாட்டச் சொல்றப்ப வர்ற ஃபாஸன். இந்த ஃபாஸன் எழுத்துல டி இருக்கும், வாயில வராது, அதனாலேயே நெறைய பேருக்கு இது ஃபாஸ்ட்டோட புள்ளைன்னு தெரியாது.

ஸ்டெப் 2: டிக்‌ஷனரி. இங்க ஒரு விஷயம் முக்கியம். ஆக்ஸ்ஃபோர்ட் லர்னர்ஸ் மாதிரி படிக்கிறவங்களுக்கான டிக்‌ஷனரியில இன்னிக்கு அதிகமா புழங்குற அர்த்தம் முதல்ல வரும், மெரியம்-வெப்ஸ்டர்ல பழைய அர்த்தம் முதல்ல வரும். பெரிய ஆக்ஸ்ஃபோர்ட் டிக்‌ஷனரி 1884லேர்ந்து பகுதி பகுதியா வந்து 1928ல முடிஞ்சது, அதுவும் பழசுலேர்ந்துதான் ஆரம்பிக்கும், ஆனா ஆன்லைன்ல முழுசா பாக்க சந்தா கட்டணும். என்னைக் கேட்டா வேர் பாக்க ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி போதும், காசு இல்ல. எப்படிப் பேசுறதுன்னு பாக்க மட்டும் லர்னர்ஸ். இங்கிலீஷ்-தமிழ் டிக்‌ஷனரிய கடைசியாதான் தொறக்கணும், ஏன்னா அது வேகம், உறுதி, உபவாசம்னு மூணு வார்த்தைய அடுக்கிட்டு நிறுத்திடும், மூணும் எப்படி ஒரே வீட்டுல இருக்குன்னு சொல்லாது.

ஸ்டெப் 3: இருக்கிறதுலயே பழைய அர்த்தத்த எடுத்து அதுக்கு நம்ம தமிழ்ல ஒரே ஒரு சொல் தேடுங்க. ஃபாஸ்ட் பழைய இங்கிலீஷ்ல உறுதியான, அசையாதன்னு அர்த்தம். ஜெர்மன்ல உறுதிக்கு ஃபெஸ்ட்னு சொல்றது இதோட சொந்தக்காரன். எனக்குக் கிடைச்ச தமிழ்ச் சொல் ‘கெட்டி’. இத வெச்சதும் பாதி தானா தொறந்துச்சு. ஹோல்ட் ஃபாஸ்ட்னா கெட்டியா புடி. ஃபாஸ்ட் கலர்னா கெட்டிச் சாயம், ஜவுளிக்கடையில நம்ம ஆளுங்க காலங்காலமா சொல்ற அதே வார்த்தை. ஃபாஸ்ட் அஸ்லீப்னா தூக்கம் ஆள கெட்டியா புடிச்சிருக்கு.

ஸ்டெப் 4: நான் மாட்டிக்கிட்டது இங்கதான், ரெண்டு நாள் ஓடுச்சு. அசையாம நிக்கிறதுக்கான வார்த்தை எப்படி ஓடுறதுக்குப் போச்சு? நேர் எதிரா இருக்கே. விடை என்னன்னா, முதல்ல மாறினது ஃபாஸ்ட் டிரெயின்ல வர்ற மாதிரி பெயருக்கு முன்னாடி நிக்கிற ஃபாஸ்ட் இல்ல, ரன் ஃபாஸ்ட்ல வர்ற மாதிரி வினையோட வர்ற ஃபாஸ்ட். கெட்டியா அடிச்சான், கெட்டியா சண்டை போட்டான்னா முழு பலத்தோடன்னு அர்த்தம். முழு பலத்தோட ஓடினா அது வேகமாதானே இருக்கும், அப்படியே 13ஆம் நூற்றாண்டு வாக்குல வேகம்ங்கிற அர்த்தம் ஒட்டிக்கிச்சு. வேகமான பொருள்னு சொல்றது அதுக்கு அப்புறம், 16ஆம் நூற்றாண்டுல.

இத படிச்சும் மனசுல ஒக்காரல. ஒரு கல்யாணத்துல தாலி கட்டுற நேரம் யாரோ கைய ஆட்டி ‘கெட்டி மேளம், கெட்டி மேளம்’னு கத்தினாங்க, தவில்காரர் அதுவரைக்கும் நிதானமா வாசிச்சவர் சட்டுனு ஓங்கி, படபடன்னு அடிக்க ஆரம்பிச்சாரு, அப்பதான் வெளங்குச்சு. கெட்டின்னு சொன்னதும் கை வேகமாகுது! அதே மாதிரி சைக்கிள்ல பின்னாடி உக்காந்திருக்கவன் ‘நல்லா அழுத்தி மிதிடா’ன்னா வேகமா போன்னுதான் அர்த்தம்.

ஸ்டெப் 5: வினையோட வர்றப்பவும் ஃபாஸ்ட்தான், ஃபாஸ்ட்லி கிடையாது. ஹி ரன்ஸ் ஃபாஸ்ட், அவ்வளவுதான். கடிகாரம் ஃபாஸ்ட்னா சரியான நேரத்துக்கு முன்னாடி காட்டுது. சீக்கிரமா ஒரு பதில், சின்ன வேலைன்னா குவிக் போடுங்க. வண்டி, கார், பௌலர்னா ஃபாஸ்ட்.

அப்டேட்: படிச்சவங்க ஒருத்தங்க, சுகர் டெஸ்டுக்கு ஃபாஸ்டிங்ல வாங்கன்னு சொல்றாங்களே அதுவும் இதேதானான்னு கேட்டாங்க. அதேதான், நான் எழுதாம விட்டுட்டேன். இங்கிலீஷுக்குச் சொந்தக்கார பழைய மொழியான கோத்திக்ல வந்த 4ஆம் நூற்றாண்டு பைபிள்லயே ஃபாஸ்தான்னு ஒரு வினை இருக்கு, கடைப்பிடிக்கிறதுக்கும் சாப்பிடாம இருக்கிறதுக்கும் ஒரே சொல். நம்ம ஊர் முஸ்லிம் வீடுகள்ல ‘நோன்பு புடிக்கிறது’ன்னு சொல்றாங்க இல்ல, அதே புடி. சாயந்தரம் ‘நோன்பு திறக்கிறது’ன்னு சொல்ற எடத்துல இங்கிலீஷ்காரங்க ஒடைக்கிறாங்க, 15ஆம் நூற்றாண்டுலேர்ந்து காலைச் சாப்பாட்டுக்கு பிரேக்ஃபாஸ்ட்னு பேர். சொல்றப்ப மட்டும் அது பிரெக்ஃபஸ்ட், பிரேக்னு இழுக்காதீங்க.

இன்னொருத்தங்க கேட்டது ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட் ரூல். அது கப்பல்காரங்க பேச்சு. தரைதட்டி ஆடாம அசையாம மாட்டிக்கிட்ட கப்பல அப்படிச் சொல்வாங்க, அங்கேர்ந்துதான் வளைக்க முடியாத விதிக்கு வந்துச்சு.