ஓரம் கட்டிய சாய்வு கிரைண்டரைச் சரிசெய்வது எப்படி?

கொங்கு வீடுகளின் பின்கட்டில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கும் பழைய சாய்வு கிரைண்டர்களில் பலவற்றுக்கு மோட்டார் கெட்டிருக்காது. டிரம்முக்கு அடியில் கசிந்த தண்ணீர் பேரிங்கைக் கெடுத்திருக்கும். பேரிங் இறுகியதும் பெல்ட் வழுக்கும், இழுக்க முடியாமல் மோட்டார் சூடேறும். அதனால் மோட்டாரை மாற்றக் கிளம்பும் முன் தண்ணீர் போன வழியைத் தேடுங்கள். ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல் தலைமுறை தாண்டி உழைக்கும். அதைப் பழைய இரும்புக்குப் போடுவது பெரிய நஷ்டம்.

1. பெல்ட்டைக் கழற்றிச் சோதிப்பது

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்திப் பெல்ட்டை எடுங்கள். டிரம்மைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, விளிம்பைப் பிடித்து ஆட்டும்போது மேலும் கீழும் ஆடினாலோ பேரிங் போய்விட்டது. பிறகு மோட்டார் புல்லியைத் தனியாகச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றியும், கரண்ட் கொடுத்தால் உறுமிக்கொண்டு நின்றால், முதல் சந்தேகம் மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர் மேல்தான்.

கெப்பாசிட்டரைத் தொடும் முன் பிளக்கை மறுபடி பிடுங்கி, அதன் இரு முனைகளிலும் ஒரு குண்டு பல்பின் ஒயர்களை வைத்து மின்சாரத்தை வடித்துவிடுங்கள். புதியதில் மைக்ரோஃபாரட் எண் பழையதில் உள்ளபடியே இருக்க வேண்டும், வோல்ட் குறையக் கூடாது. பெரிசு போட்டால் இழுவை கூடும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள், வைண்டிங் சூடேறிக் கருகும்.

2. கசிவைக் கண்டுபிடிப்பது

டிரம்மில் பாதி தண்ணீர் ஊற்றி, அடியில் காய்ந்த செய்தித்தாள் விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். கல்லும் எவர்சில்வர் தகடும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் கசியும். அங்குள்ள பழைய பூச்சைச் சுரண்டி, நன்றாகக் காயவைத்து, ஒயிட் சிமெண்டைக் கெட்டியாகக் குழைத்து அடையுங்கள். ஈரத்துணி போட்டு இரண்டு நாள் இறுக விடுங்கள். மாவு படும் இடம் என்பதால் குழாய்க்குப் பூசும் பசையெல்லாம் வேண்டாம்.

3. பேரிங் மாற்றுவது

கல்லோடு சேர்ந்த டிரம் நல்ல கனம். இறக்க இரண்டு பேர் வேண்டும், கீழே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த நட்டுக்கு முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தால் காலையில் முறுக்கு இளகும்.

பேரிங்கைப் புல்லர் (பேரிங்கைப் பிடித்து இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு இழுங்கள். அதன் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். 6204 என்றால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். கடையில் எண்ணோடு ‘2ஆர்எஸ்’ என்று சேர்த்துக் கேளுங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளது அது. தகட்டு மூடி போட்ட இசட்இசட் வகையில் தண்ணீர் எளிதாக நுழையும்.

ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தின் மேல் மட்டுமே குழாய்த்துண்டு வைத்துத் தட்ட வேண்டும். வெளிவளையத்தில் அடித்தால் அடி குண்டுகள் வழியாகப் போய் தடத்தில் குழி விழும், புது பேரிங்கே சத்தம் போடும். ஷாஃப்ட் தேய்ந்து பேரிங் லூசாக உட்கார்ந்தால் பசை தடவிச் சமாளிக்காதீர்கள். லேத் பட்டறையில் கொடுத்து மெட்டல் ஏற்றிக் கடைந்து வாங்குங்கள். கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் அப்படிப்பட்ட பட்டறைகள் நிறைய உண்டு. பேரிங்குக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் உள்ள மாடல் என்றால் அதையும் மாற்றுங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும்.

4. கல் கொத்துவது

உளுந்து அரைபட நேரமெடுத்து மாவும் சூடானால் கல் வழுவழுத்துவிட்டது என்று பொருள். கொத்தத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. நீங்களே செய்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு, கூர் உளியால் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் சீராகப் புள்ளி வையுங்கள். குழவிக்கும் அப்படியே. ஆழமாகக் கொத்தினால் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும். பிறகு ஊறிய ரேஷன் அரிசியை ஒரு கைப்பிடி கல்லுப்போடு அரைத்துக் கொட்டுங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் நறநறப்பு இல்லாத வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

5. பெல்ட்டும் எர்த்தும்

பழைய பெல்ட்டில் ஏ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஏ என்பது 13 மில்லிமீட்டர் அகலம், எண் உள்சுற்றளவு அங்குலத்தில். மாட்டியபின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கட்டும். அதற்கு மேல் இறுக்கினால் புது பேரிங்கும் சீக்கிரம் போகும்.

மூன்று முனை பிளக் கட்டாயம். மல்டிமீட்டரில் எர்த் முனைக்கும் பாடிக்கும் இடையே ஓம் கிட்டத்தட்ட சுழியம் காட்ட வேண்டும், மற்ற இரு முனைகளுக்கும் பாடிக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. ஈரக்கையோடு தொடும் இயந்திரம் என்பதால் இது சரியாகும் வரை கரண்ட் கொடுக்காதீர்கள்.

வெறுங்கல்லாக ஓட்டாமல் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டுங்கள், அடுத்து பாதியளவு அரிசி போட்டுப் பாருங்கள். புது பெல்ட் முதல் வாரத்தில் கொஞ்சம் நீளும். அப்போது மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி ஒருமுறை இழுத்து முறுக்கிவிடுங்கள்.