மண்ணுல ஈரப்பத சென்சார் எறக்குறது எப்படி
இதுல முக்கியமே ஒண்ணுதான், ப்ரோபுக்கும் (மண்ணுக்குள்ள எறங்குற சென்சார் முனை) மண்ணுக்கும் நடுவுல காத்து நிக்கவே கூடாது. கெப்பாசிட்டிவ் சென்சார் பாக்குறது டைஎலக்ட்ரிக் அளவை, அதாவது ஒரு பொருள் மின்சக்தியை எவ்வளவு தேக்கி வைக்குதுங்கிறதை, தண்ணிக்கு அது சுமார் 80, காத்துக்கு வெறும் 1, அதனால சின்ன சந்து இருந்தாலும் ஈர மண்ணையே காஞ்சு கெடக்குன்னு காட்டிரும்.

வேர் நல்லா ஓடுற இடமா பாத்து, ப்ரோப் போற அளவுக்கு மட்டும் ஆகர்ல (மண்ணு துளைக்கிற கருவி) குழி போடுங்க, தண்ணி தேங்குற பள்ளம் வேணவே வேணாம். அதே குழி மண்ணை கல்லு பொறுக்கி சலிச்சு, தண்ணி விட்டு சேறா கரைச்சு உள்ள ஊத்திட்டு ப்ரோபை நேரா மெதுவா அழுத்துங்க, ஆட்டக்கூடாது, சுத்தியலால தட்டவும் கூடாது. ஓரத்துல சேறு பிதுங்கி வந்தா நல்லா உக்காந்துருச்சுன்னு அர்த்தம்.

கேபிளை பைப்புக்குள்ள விட்டு புதைங்க, இல்லன்னா எலி கடிச்சிரும். ரெண்டு மூணு தடவ தண்ணி பாஞ்சு மண்ணு செட்டான பிறகு வர்ற ரீடிங்கை மட்டும் நம்புங்க.