‘வரை’ என்றால் எதுவரை? சொந்த நிரல்மொழிக்குச் சொல் தேடும் முறை

பொழுதுபோக்காகத் தமிழ்ச் சொற்களில் ஒரு குட்டி நிரல்மொழி எழுதத் தொடங்கினேன். பார்ஸரைவிட (நிரல் வரிகளைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பகுதி) அதிக நேரம் பிடித்தது, எந்தச் சொல்லை வைப்பது என்பதுதான். நீங்களும் இறங்குவதாக இருந்தால் இந்த வரிசையில் போய்ப் பாருங்கள்.

படி 1: வாயால் சொல்லிப் பாருங்கள்

“மதிப்பெண் 35 இருந்தால் தேர்ச்சி.” தமிழில் நிபந்தனை முன்னால், ‘ஆல்’ பின்னால். ஆங்கிலத்தின் ‘இஃப்’ முன்னால் நிற்கும். முத்தையா அண்ணாமலை பைத்தான் நிரல்மொழியில் உருவாக்கிய ‘எழில்’ மொழி, தமிழ் வரிசையையே எடுத்துக்கொண்டது:

@(மதிப்பெண் >= 35) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் எழுது"
முடி

படி 2: வேறு பொருள் தட்டுகிறதா?

மேலே உள்ள ‘ஆனால்’, ‘ஆகுமானால்’ என்ற பொருளில் வருகிறது. இலக்கணப்படி சரிதான். ஆனால் (பாருங்கள், நானே எப்படிப் பயன்படுத்துகிறேன்!) அன்றாடப் பேச்சில் அது மறுத்துப் பேசும் சொல். நான் ‘எனில்’ வைத்தேன்.

படி 3: சுழற்சியில் (திரும்பத் திரும்ப ஓடும் வரிகளில்) கவனம்

எண் = 1
@(எண் <= 5) வரை
    பதிப்பி எண்
    எண் = எண் + 1
முடி

இது எழிலில் 1 முதல் 5 வரை அச்சிடும். முதன்முறை படிப்பவரோ, “எண் 5க்குள் வரும்வரை” என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் ஒரு முறைகூட ஓடக் கூடாது!

சிக்கல் தமிழிலேயே இருக்கிறது. “மழை பெய்யும்வரை உள்ளே இரு” என்றால் பெய்துகொண்டிருக்கும் நேரம் முழுக்க. “மழை பெய்யும்வரை விதைக்காதே” என்றால் பெய்யத் தொடங்கும் நேரம்வரைதான். ஒரே சொல், எதிரெதிர் வேலை. ரூபி மொழியில் இந்த இரண்டுக்கும் ‘வைல்’, ‘அன்டில்’ என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. நாமும் ‘இருக்கும்வரை’, ‘ஆகும்வரை’ என்று பிரித்துவிடலாம். நீளம்தான், பரவாயில்லை.

படி 4: தாவும் சொற்கள்

சுழற்சியைவிட்டு வெளியேற ‘நிறுத்து’ போதும். மீதி வரிகளை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குத் தாவ வைக்கும் ‘தொடர்’தான் இடறும்: மீதி வரிகளைத் தொடர்வதா, அடுத்த சுற்றுக்குப் போவதா? பெர்ல், ரூபி இரண்டிலும் இதற்கு ‘நெக்ஸ்ட்’. எனவே ‘அடுத்தசுற்று’.

படி 5: நிரல் தெரியாதவரிடம் கொடுங்கள்

படி 3இல் உள்ள நிரலை உங்கள் சொற்களில் தாளில் எழுதிக் கொடுத்து, “என்னென்ன எண் வரும்?” என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். தவறாகச் சொன்னால், மாற்ற வேண்டியது உங்கள் சொல்லை.