யாத்திராகமத்தை அதன் எபிரெயச் சொற்களின் வழியே படிப்பது எப்படி?

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்துச் சபைகளில் யாத்திராகமத்தை எடுத்துப் படிக்கும் வேதபாட வகுப்புகள் பல, முதல் வாரத்திலேயே புதிய ஏற்பாட்டுக்குத் தாவிவிடுகின்றன. ஆட்டுக்குட்டி என்றதும் கல்வாரி, கடல் என்றதும் ஞானஸ்நானம். அந்த இணைப்புகளைத் தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய இந்தக் கதையை இஸ்ரவேலர் தங்களுக்குள் எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்பதைக் கேட்டுமுடிப்பதற்கு முன்பே அவற்றைச் செய்துவிட்டால், படிப்பதற்கு மிச்சம் எதுவும் இருக்காது. இந்த வழிமுறை எபிரெயம் தெரியாத, தமிழ் வேதாகமத்தை நன்றாக அறிந்த, ஆறு அல்லது ஏழு வாரம் ஒதுக்கக்கூடிய ஒரு சிறு குழுவுக்கானது. லெந்து காலம் இதற்குப் பொருத்தமானது.

முதல் கூட்டத்தில் விளக்கம் எதுவும் வேண்டாம். முதலாம் அதிகாரத்திலிருந்து 15:21-இல் மிரியாம் பாடும் பாட்டு வரை, ஆள் மாற்றி ஆள், உரக்க வாசியுங்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டில் திரும்பத் திரும்ப வரும் சொற்களையும், பெயர் சொல்லப்படுகிறவர்களையும், பெயர் சொல்லப்படாதவர்களையும் மட்டும் எழுதிக்கொள்ளட்டும். சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகளுக்குப் பெயர் உண்டு. அவர்களுக்குக் கட்டளையிட்ட பார்வோனுக்கு இல்லை. இந்தப் புத்தகத்தின் எபிரெயப் பெயரே ‘ஷெமோத்’, அதாவது ‘பெயர்கள்’ என்பதை அப்போது சொல்லுங்கள். பிரசவத்தில் பெண்கள் மாண்டதைக் கண்டு மருத்துவம் படித்த ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய மருத்துவப்பணி வளர்ந்து நிற்கும் ஊரில், அந்த இரு மருத்துவச்சிகளை ஒரே நிமிடத்தில் கடந்துபோவது நியாயமல்ல.

இரண்டாம் கூட்டத்திலிருந்து இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துக்கொள்ளுங்கள்: நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பும், 1995-இல் வெளிவந்த திருவிவிலியமும். முன்னது ‘யாத்திராகமம்’ என்று அழைப்பதைப் பின்னது ‘விடுதலைப் பயணம்’ என்று அழைக்கிறது. இவற்றோடு, ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் இருக்கும் எபிரெயச் சொல்லை எண்ணிட்டுக் காட்டும் ஒத்துவாக்கியப் புத்தகமோ கைப்பேசிச் செயலியோ ஒன்று இருந்தால் போதும். 22 எழுத்துகளை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். எபிரெயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேர்களிலிருந்து பிறப்பவை என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மொழிபெயர்ப்பு மறைப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பழைய மொழிபெயர்ப்பில் நோவா செய்தது ‘பேழை’. மோசே கிடத்தப்பட்டது ‘நாணற்பெட்டி’. சீனாய் மலைக்குப் பின் செய்யப்பட்டது ‘உடன்படிக்கைப் பெட்டி’. பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு வகுப்பில் அந்த இரண்டு ‘பெட்டி’களையும் இணைத்து, குழந்தை மோசேயே உடன்படிக்கையின் நிழல் என்று வெகு உருக்கமாகப் போதித்தேன். எபிரெயத்தில் அவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். உடன்படிக்கைப் பெட்டி ‘அரோன்’; மோசேயின் பெட்டியோ ‘தேவா’, நோவாவின் பேழைக்கும் அதே சொல்தான், இரண்டுக்கும் கீல் பூசப்படுகிறது. ஆகவே கதை சொன்னவர் நினைவூட்டியது ஜலப்பிரளயத்தை: தண்ணீரில் சாகவேண்டிய உயிர் தண்ணீரின் மேலேயே காக்கப்படுகிறது. அந்தப் பெட்டி வைக்கப்பட்ட நாணல் எபிரெயத்தில் ‘சூஃப்’. பின்னால் ஜனங்கள் கடக்கும் ‘சிவந்த சமுத்திரம்’ எபிரெயத்தில் ‘யாம் சூஃப்’, நாணற்கடல். ஒரு குழந்தைக்கு நேர்ந்தது ஒரு ஜனத்துக்கு நேர்கிறது.

அடுத்து, தமிழ் நமக்குத் திறந்துகாட்டும் இடங்கள். குழு இரண்டு கூட்டங்களையாவது இதற்குச் செலவிடவேண்டும். யாத்திராகமம் 1:13, 14 என்ற இரண்டே வசனங்களில் ‘அவத்’ என்ற வேர் ஐந்து முறை வருகிறது. அங்கே அது அடிமைவேலை. 3:12-லும் 7:16-லும் அதே வேர் ‘ஆராதனை’ என்று மொழிபெயர்க்கப்படுகிறது. 12:26-இல் பிள்ளைகள் “இந்த ஆராதனையின் கருத்து என்ன” என்று கேட்கும்போதும் அதே சொல்தான். இந்த இரட்டைப் பொருளைப் பிறமொழிக்காரர்களுக்கு விளக்குவது கடினம். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ‘ஊழியம்’ என்ற ஒரு சொல் போதும். இன்று அது தேவனுக்குச் செய்யும் பணி; திருவிதாங்கூரில் 19-ஆம் நூற்றாண்டில் அதே சொல் கூலியில்லாமல் வாங்கப்பட்ட கட்டாயவேலையைக் குறித்தது. பார்வோனுக்கு ஊழியமா, கர்த்தருக்கு ஊழியமா என்பதே முதல் அதிகாரம் முதல் கடைசி அதிகாரம் வரை நடக்கும் வழக்கு. பார்வோனுக்காக அடிமைகள் கட்டிய பண்டசாலைப் பட்டணங்களில் தொடங்கும் புத்தகம், மனமுவந்து கொடுத்த காணிக்கைகளால் எழும்பிய ஆசரிப்புக் கூடாரத்தில் முடிவதை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

‘மீட்பு’ என்ற சொல்லை இன்னும் பொறுமையாக எடுக்கவேண்டும். நமக்கு மீட்பது என்றால் முதலில் நினைவுக்கு வருவது அடகுக்கடை. யாத்திராகமம் 6:6-இல் ‘உங்களை மீட்டு’ என்பதற்குப் பின்னால் இருக்கும் ‘காஅல்’ அதற்கு அருகில் இருந்தாலும் அதுவே அல்ல. லேவியராகமம் 25:25-இன்படி, தரித்திரப்பட்டு நிலத்தை விற்றவனுக்காக வந்து மீட்கவேண்டியவன் அவன் இனத்தான். ரூத்தின் கதையில் போவாஸ் ஏற்பது இந்தக் கடமையைத்தான். அடகுச்சீட்டும் பணமும் சரியாக இருந்தால் கடைக்காரர் உறவு விசாரிப்பதில்லை. காஅல் என்பதோ உறவிலிருந்து பிறக்கும் உரிமை. அதனால்தான் 4:22-இல் கர்த்தர் முதலில் உறவை அறிவிக்கிறார்: இஸ்ரவேல் என் குமாரன். 13:13-இல் கழுதையின் தலையீற்றை மீட்பது வேறொரு சொல், ‘பாதா’. ஒன்றைக் கொடுத்து ஒன்றை விடுவிப்பது. தமிழில் இரண்டும் ‘மீட்பு’தான். ‘காஅல்’ வருமிடத்தில், பார்வோனுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்று குழுவைக் கேளுங்கள். ஒன்றுமே கொடுக்கப்படவில்லை, போகும்போது வெள்ளியும் பொன்னும் எகிப்தியரிடமிருந்துதான் வந்தன.

இந்த இடத்தில் நம் மாவட்டங்களின் ஒரு செய்தியைக் கொண்டுவருவது விலகலாகாது. வேலூர், ராணிப்பேட்டை பக்கத்தில் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்களை அதிகாரிகள் வெளியே கொண்டுவருவதைப் பத்திரிகைகள் ‘கொத்தடிமைகள் மீட்பு’ என்றே எழுதுகின்றன. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி அந்தக் கடன் அடைக்கப்படுவதில்லை, ரத்தாகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு, வைக்கோல் கொடுக்காமல் செங்கல் கணக்கை மட்டும் குறைக்காத ஐந்தாம் அதிகாரத்தையும், அங்கே வரும் ‘ஆளோட்டிகள்’ என்ற சொல்லையும் வாசிக்கவேண்டும். எகிப்தில் செங்கல் வெயிலில் உலர்த்தப்பட்டது, இங்கே சூளையில் சுடப்படுகிறது என்ற வேறுபாட்டையும் சொல்லிவிடுங்கள்; ஒப்புமை நேர்மையாக இருக்கும்.

வரலாற்றுக் கேள்விக்கு அரைமணி நேரம் போதும். எகிப்தியச் சாசனங்களில் இந்தப் புறப்பாடு பற்றிய குறிப்பு இல்லை. 1896-இல் தீப்ஸில் கண்டெடுக்கப்பட்ட, கி.மு. 1208 வாக்கிலான, மெர்னெப்தா என்ற பார்வோனின் கல்வெட்டு, கானானில் இஸ்ரவேல் என்றொரு ஜனம் இருந்ததைக் காட்டுகிறது. காலத்தைப் பற்றி அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. இதற்குமேல் விவாதித்தால் வகுப்பு வேறு திசைக்குப் போய்விடும்.

கடலைக் கடக்கும் 14-ஆம் அதிகாரத்தை உரைநடையாகவும், 15-ஆம் அதிகாரத்தைப் பாட்டாகவும் தனித்தனியே படியுங்கள். உரைநடையில் இரா முழுவதும் கீழ்காற்று வீசுகிறது. பாட்டிலோ கர்த்தருடைய நாசியின் சுவாசம். எங்கள் வகுப்பில் ஒரு பெரியவர், வறண்ட ஆற்றில் நடந்து அக்கரை போவது பாலாற்றங்கரைக்காரர்களுக்கு அதிசயமில்லை ஐயா, தண்ணீர் வருவதுதான் அதிசயம் என்றார். 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள், தண்ணீர் திரும்பிவரும் 14:27-ஐ அவரைப்போலவே வாசிப்பார்கள். பிறகு சங்கீதம் 105-ஐ எடுத்து, யாத்திராகமத்தில் தண்ணீர் இரத்தமாவதில் தொடங்கும் வாதைகள் அங்கே இருளிலிருந்து தொடங்குவதைக் கவனியுங்கள். இஸ்ரவேலர் கதையை ஒரே அச்சில் வைத்துக்கொள்ளவில்லை. தேவைக்கேற்பத் திரும்பச் சொன்னார்கள். யூதர்கள் இன்றும் பஸ்காவில் அதை ஆண்டுதோறும் சொல்லிவருகிறார்கள் என்பதால், அவர்களைக் கடந்தகாலத்தில் வைத்துப் பேசுவதைத் தவிர்க்கவேண்டும்.

கிறிஸ்தவ வாசிப்புக்குரிய இடம் இதற்குப் பிறகே. லூக்கா 9:31-இல் மோசேயும் எலியாவும் இயேசுவின் ‘மரணத்தைக்குறித்து’ப் பேசினார்கள் என்று தமிழில் இருக்கிறது, கிரேக்கத்தில் அங்கே உள்ள சொல் ‘எக்சோதோஸ்’, புறப்பாடு. இந்தப் புத்தகத்தின் கிரேக்கப் பெயரே அதுதான். ஆறு வாரம் புறப்பாட்டோடு நடந்தவர்களுக்கு அந்த ஒரு சொல்லை விளக்கத் தேவையிருக்காது.

கடைசிக் கூட்டத்துக்கு ஆமோஸ் 9:7-ஐ வைத்துக்கொள்ளுங்கள். இஸ்ரவேலை எகிப்திலிருந்து கொண்டுவந்த அதே கர்த்தர், பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்ததாகச் சொல்கிறார். அதை வாசித்துவிட்டு, முடிவு ஜெபத்துக்கு அவசரப்படாமல், கூட்டத்தில் இதுவரை வாய் திறக்காதவர் யாரோ அவரை முதலில் பேசச் சொல்லுங்கள்.