கைத்தொழில் சங்கமொன்று அரசுக்கு மகஜர் எழுதுவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கான வழிகாட்டி

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ கைத்தொழில் பற்றி நடைபெறும் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரு மகஜருடன் முடிவடைகின்றன. அரசாங்க அதிபரோ பாராளுமன்ற உறுப்பினரோ அதைப் பெற்றுக்கொள்ளும் படம் மறுநாள் பத்திரிகையில் வெளிவரும். அதன் பின்னர் அந்தக் கடதாசிக்கு என்ன நடந்தது என்று கேட்பார் இல்லை. அதிகாரிகளின் அலட்சியத்தை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. மின்கட்டணம், வங்கி வட்டி, காணி, வீதி, நெல் விலை, இறக்குமதி எனப் பல குறைகள் ஒரே தாளில் அடுக்கப்பட்டு, அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தீர்க்கும் அதிகாரமே இல்லாத ஒருவரிடம் அந்த மகஜர் கொடுக்கப்படுகிறது. அவர் அதை அமைச்சுக்கு அனுப்புவார்; அமைச்சு “உரிய நடவடிக்கைக்காக” இன்னொரு திணைக்களத்துக்கு அனுப்பும்.

அரிசி ஆலை உரிமையாளர் சங்கம், நெசவாளர் சங்கம், பாற்பண்ணையாளர் சங்கம் போன்ற சிறிய அமைப்புகளைக் கருத்திற்கொண்டு இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. ஒரு மகஜரில் ஒரு தடையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும், அத்தடை குறித்து முடிவெடுக்கும் அதிகாரம் சட்டப்படி யாரிடம் இருக்கிறதோ அவருக்கே அதை எழுத வேண்டும் என்பதும் இதன் அடிப்படை.

தடையைப் பிரித்துப் பார்த்தல்

“மின்கட்டணம் எங்களைக் கொல்கிறது” என்பது உண்மையாகவே இருந்தாலும், கோரிக்கையாக எழுதத்தக்க வடிவில் அது இல்லை. முதலில் ஆலையின் மின்பட்டியலை எடுத்து வரிவரியாகப் பார்க்க வேண்டும். கேவீஏ என்பது மின் இணைப்பின் கொள்ளளவைக் குறிக்கும் அளவு. 42 கேவீஏக்கு மேற்பட்ட இணைப்பைப் பெற்ற கைத்தொழில்களுக்குப் பயன்படுத்திய அலகுகளுக்கான கட்டணத்துடன், அந்த மாதத்தில் பதிவான உச்சக் கேள்விக்கும் (ஒரே வேளையில் ஆகக் கூடுதலாக எடுத்த மின்வலுவின் அளவுக்கும்) ஒவ்வொரு கேவீஏக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்டணம் விதிக்கப்படுகிறது. அலகுக் கட்டணமும் நாள் முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச வேளையில் அது மிகக் கூடியது, இரவு 10.30க்குப் பின்னர் மிகக் குறைந்தது.

பருவகால ஆலைக்கு இதன் விளைவு என்ன? மாசி, பங்குனியில் பெரும்போக நெல்லும் ஆவணி, புரட்டாதியில் சிறுபோக நெல்லும் வரும்போது ஆலை இரவு பகலாக ஓடுகிறது. இடைப்பட்ட ஒரு மாதத்தில் சிறிய ஓடர் ஒன்றுக்காக ஒரேயொரு நாள் எல்லா மோட்டார்களையும் ஒன்றாக இயக்கினாலும், அந்த ஒரு நாளின் உச்சக் கேள்விக்கு மாதம் முழுவதற்குமான கட்டணம் விழுந்துவிடும். பட்டியலில் உள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. பன்னிரண்டு மாதப் பட்டியல்களையும் அருகருகே வைத்து, அரைத்த நெல்லின் அளவால் ஒவ்வொரு மாதக் கட்டணத்தையும் வகுத்துப் பார்த்தால், ஆலை ஓடாத மாதங்களில் ஒரு கிலோ அரிசிக்கான மின்செலவு எவ்வளவு உயர்கிறது என்பது தெளிவாகும்.

இந்த இடத்தில் நேர்மை தேவை. மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடக்குவது, கெப்பாசிட்டர் பேங்க் பொருத்தி வலுக்காரணியை (எடுக்கும் மின்வலுவில் உண்மையில் பயன்படும் பங்கை) சீராக்குவது, உச்ச வேளையில் அரைப்பைத் தவிர்ப்பது ஆகியவற்றை ஆலை உரிமையாளர் தாமே செய்துகொள்ளலாம். அவற்றுக்கு எந்த அமைச்சரின் அனுமதியும் வேண்டியதில்லை. அவற்றையெல்லாம் செய்த பின்னரும் எஞ்சி நிற்கும் சுமையே கொள்கைப் பிரச்சினை ஆகும். தம்மால் இயன்றதைச் செய்துவிட்டே வந்திருக்கிறோம் என்று காட்டும் சங்கத்தின் சொல்லுக்கு எந்த மேசையிலும் மதிப்பு வேறு.

முடிவு எங்கே எடுக்கப்படுகிறது?

எம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுவே என்பது என் கருத்து. கச்சேரி (மாவட்டச் செயலகம்) எல்லாவற்றுக்கும் தலைவாசல் என்ற பழக்கம் எமக்கு ஊறிப்போயிருக்கிறது. ஆனால் மின்கட்டணத்தை அங்கீகரிப்பது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. ஒவ்வொரு கட்டணத் திருத்தத்துக்கு முன்னரும் அது பொதுமக்களிடமிருந்து எழுத்து மூலக் கருத்துகளைக் கோருவதுடன், வாய்மொழிக் கருத்துகளைக் கேட்கும் அமர்வுகளையும் நடத்துகிறது. பருவகால ஆலைகளுக்கு உச்சக் கேள்விக் கட்டணத்தைக் கணிப்பதில் வேறு முறை வேண்டும் என்ற கோரிக்கைக்கு உரிய இடம் அதுதான். அதே கோரிக்கையை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் வைத்தால் அது கூட்டக் குறிப்பில் ஒரு வரியாக மட்டுமே இடம்பெறும்.

மருதமுனை நெசவாளர்களின் நூலும் சாயமும் இறக்குமதிப் பொருட்கள். அவற்றின் மீதான தீர்வைகளை நிதி அமைச்சு வர்த்தமானி மூலம் மாற்றுகிறது. இத்தகைய மாற்றம் ஒரே இரவில் நிகழக்கூடியது என்பதற்குச் சீனி நல்ல எடுத்துக்காட்டு. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அம்பாறை மாவட்டத்து ஹிங்குராணையில் கரும்பு வெட்டுபவருக்கும் அங்குள்ள சீனி ஆலையில் வேலை செய்பவருக்கும் அது எவ்வளவு பெரிய செய்தி! ஆயினும் அத்தீர்மானம் அம்பாறை மாவட்டத்தின் எந்த அலுவலகத்திலும் எடுக்கப்படவில்லை.

காணி விடயம் இன்னும் சிக்கலானது. மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையிலும் கல்லோயாக் குடியேற்றங்களிலும் பெருமளவு நிலம் உறுதிக் காணியாக இல்லாமல், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பெர்மிட் காணியாக இருக்கிறது. அதை வங்கி எளிதில் ஈடாக ஏற்காது. வயலுக்கென்று வழங்கப்பட்ட துண்டில் ஆலை கட்டுவதற்கும் அனுமதி வேண்டும். இதற்குப் பிரதேச செயலாளரே தொடக்க இடம் என்றாலும், முடிவு பல வேளைகளில் காணி ஆணையாளர் மட்டம் வரை செல்கிறது. வியாபார உரிமம், கட்டட அனுமதி, மாசு குறைந்த தொழில்களுக்கான சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் ஆகியவை பிரதேச சபை அல்லது நகர சபையின் கையில் உள்ளன. ஏனைய தொழில்களுக்கான உரிமத்தை மத்திய சுற்றாடல் அதிகார சபை வழங்குகிறது.

மாகாண மட்டத்துக்குரிய கோரிக்கை என்றால் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்த பின்னர் தேர்தல் நடத்தப்படாமையால், கிராமியக் கைத்தொழில் போன்ற மாகாணத் திணைக்களங்களுக்கு மேலே தெரிவுசெய்யப்பட்ட மாகாண அமைச்சர் எவரும் இல்லை. ஆகவே கடிதத்தை உரிய மாகாண அமைச்சின் செயலாளருக்கு எழுதி, ஆளுநருக்கும் பிரதம செயலாளருக்கும் பிரதி அனுப்புவதே முறை.

வங்கி வட்டி பற்றி ஒரு சொல். 2022 நெருக்கடியைத் தொடர்ந்து, 2023 மார்ச்சில் மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியாகிய துணைநில் கடன்வழங்கல் வசதி வீதத்தை 16.5 சதவீதம் வரை உயர்த்தியது. அத்தகைய வீதத்தைக் குறைக்குமாறு எந்தச் சங்கமும் மகஜர் கொடுத்துப் பயனில்லை. களஞ்சியத்தில் உள்ள நெல்லை ஈடாக ஏற்றுப் பருவகாலக் கடன் வழங்கும் ஏற்பாட்டைக் கேட்பதில் பயன் இருக்கலாம்.

எண்களைத் திரட்டுதல்

கோரிக்கையைத் தாங்கி நிற்பவை எண்களே. மாவட்டப் புள்ளிவிபரக் கையேடும் பிரதேச செயலகங்களின் வளத் தரவுத் தொகுப்புகளும் தொடக்கத்துக்கு உதவும். ஆனால் அவை எத்தனை ஆலைகள் உள்ளன என்று சொல்லுமே தவிர, அவை ஏன் பாதி நாட்கள் மூடிக் கிடக்கின்றன என்று சொல்லா. அதைச் சங்கமே திரட்ட வேண்டும். ஒரு பக்கத்தில் அடங்கும் படிவம் போதும்: மாத வாரியாக வாங்கிய நெல், அரைத்த நெல், ஓடிய நாட்கள், வேலைசெய்தோர், மின்கட்டணம், கடன் வட்டி. பெயர் வெளியிடப்படாது என்ற உறுதியை எழுத்தில் கொடுத்தால்தான் உறுப்பினர்கள் உண்மைக் கணக்கைத் தருவார்கள். வருமான வரிப் பயம் எல்லோருக்கும் உண்டு.

எண்கள் எவ்வளவு தெளிவாகப் பேசும் என்பதைப் பாருங்கள். 2025 பெப்ரவரியில் அரசு ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபாய் என்று கொள்வனவு விலையை அறிவித்தது. அப்போது நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை 230 ரூபாய். நூறு கிலோ நெல்லிலிருந்து ஏறத்தாழ 65 கிலோ அரிசி கிடைக்கும் என்று கொண்டால், ஒரு கிலோ அரிசிக்குள் நெல்லின் விலை மட்டுமே ஏறத்தாழ 185 ரூபாய். மிகுதி 45 ரூபாய்க்குள் அவித்தல், உலர்த்தல், மின்சாரம், கூலி, லொறி வாடகை, வட்டி, கடைக்காரரின் இலாபம் அத்தனையும் அடங்க வேண்டும். உமியும் தவிடும் விற்ற பணம் சிறிது கைகொடுக்கும். பெரிய ஆலைக்கு இந்த இடைவெளி போதுமாக இருக்கலாம். அறுவடைக் காலத்தில் நெல்லை வாங்கிச் சேமிக்கக் கையில் பணம் இல்லாமல், வெளிமாவட்ட லொறிகள் வயற்கரையிலேயே ஈர நெல்லை ஏற்றிச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறிய ஆலைக்கு அது போதுமா என்பதே மகஜர் எழுப்ப வேண்டிய கேள்வி.

அரச அலுவலகங்களிடம் உள்ள எண்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் குடிமக்களாக இருப்பின் சங்கமே தன் பெயரில் விண்ணப்பிக்க முடியும்.

பழைய தொழிற்சாலைகளைச் சான்றாக்குதல்

வாழைச்சேனைக் கடதாசி ஆலையைக் குறிப்பிடாமல் எங்கள் ஊர் மகஜர் எதுவும் முடிவதில்லை. பெரும்பாலும் அது புலம்பலாகவே வருகிறது. சான்றாகப் பயன்பட வேண்டுமானால் காரணங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும். 1956இல் இயங்கத் தொடங்கிய அவ்வாலை உள்ளூர் வைக்கோலை நம்பியது. வைக்கோலைக் கூழாக்கும்போது வெளிவரும் கழிவு நீர், பழுதடைந்த இயந்திரங்கள், 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பின்னர் வந்த வெளிநாட்டுக் கடதாசியின் போட்டி, போர் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு வகைத் தோல்வி. போரை மட்டும் காரணமாகச் சொல்பவர், மீண்டும் திறந்தால் போதும் என்று கேட்பார். கழிவு நீரையும் போட்டியையும் கணக்கில் எடுப்பவர் வேறு விதமாகக் கேட்பார்.

ஒலுவில் துறைமுகம் மற்றொரு பாடம். 2013இல் திறக்கப்பட்ட அதன் வாயிலை மணல் அடைத்தது; அருகில் உள்ள கரையைக் கடல் அரித்தது. உட்கட்டமைப்பைக் கேட்கும் எந்தச் சங்கமும் அதைக் கட்டிய பின்னர் பராமரிக்கும் செலவை யார் ஏற்பார் என்று மகஜரிலேயே எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இப்பகுதியில் இல்லை.

எழுதும் முறை

இரண்டு பக்கங்களுக்கு மேல் எழுத வேண்டாம். அட்டவணைகள் இணைப்பாகச் செல்லட்டும். முதற்பந்தியிலேயே கோரிக்கை வந்துவிட வேண்டும். “இலங்கைத் திருநாட்டின் கிழக்கே, மீன்பாடும் தேனாட்டில்” என்று தொடங்கும் முன்னுரையை விட்டுவிடலாம். முதற்பந்தி ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்:

“பருவகாலத்தில் மட்டும் முழு அளவில் இயங்கும் அரிசி ஆலைகளுக்கு, அறுவடை அல்லாத மாதங்களில் உச்சக் கேள்விக் கட்டணத்தைக் கணிப்பதற்குத் தனியான முறையொன்றை அடுத்த கட்டணத் திருத்தத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எமது உறுப்பினர்களின் பன்னிரண்டு மாத மின்பட்டியல்களின் சுருக்கம் இணைப்பு ஒன்றில் உள்ளது. எமது தரப்பில் ஏற்கெனவே எடுத்த நடவடிக்கைகள் இணைப்பு இரண்டில் உள்ளன.”

அடுத்து, இக்கோரிக்கையால் யாருக்கு நட்டம் என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். ஒரு பிரிவினரின் கட்டணம் குறைந்தால் அந்தச் சுமை வேறு யார் மீதோ ஏறும். நெல் விலை குறைய வேண்டும் என்று ஆலைக்காரர் கேட்டால் விவசாயி எதிர்ப்பார்; ஆலைக்காரர் பலர் தாமே வயற்காரராகவும் இருப்பது வேறு விடயம். எதிர்ப்பை நாமே எடுத்துச் சொல்லி விடை தருவது, கோப்பைப் படிக்கும் உத்தியோகத்தரின் வேலையில் பாதியைக் குறைக்கும். இந்த விசாரிப்பைத் தவிர்த்தால் என்ன நடக்கும் என்பதை 2021 மே மாதம் கொண்டுவரப்பட்டு நவம்பரில் கைவிடப்பட்ட இரசாயனப் பசளைத் தடையில் நாடு முழுவதும் கண்டது.

தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. கொழும்புக்குச் செல்லும் பிரதியுடன் ஒரு பக்கச் சிங்களச் சுருக்கத்தை இணைப்பது நடைமுறைப் புத்தி. அம்பாறை மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள ஆலைக்காரர்கள் ஒரே மின்பட்டியலைத்தான் கட்டுகிறார்கள். மூன்று தரப்புச் சங்கங்களின் முத்திரையும் ஒரே தாளில் இருந்தால், இதை ஒரு சமூகத்தின் கோரிக்கை என்று ஒதுக்கிவைப்பது கடினம்.

கையளித்தலும் பின்தொடர்தலும்

வரி, தீர்வை பற்றிய கோரிக்கை வரவு செலவுத் திட்டம் தயாரிக்கப்படும் மாதங்களில் நிதி அமைச்சை அடைய வேண்டும். வழமையாக வரவு செலவுத் திட்டம் நவம்பரில் சமர்ப்பிக்கப்படுவதால், ஆவணிக்குப் பிந்தினால் அடுத்த ஆண்டையே நினைக்க வேண்டும். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்கவும். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கோப்பில் ஒட்டவும். படம் எடுப்பதில் தவறில்லை. படம் எடுத்தவர் கோப்பு இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் நினைவூட்டற் கடிதம் எழுதுவதற்குப் பதிலாகத் தகவல் விண்ணப்பம் ஒன்றை அனுப்பலாம். “இத்திகதியில் கிடைத்த எமது கடிதத்தின் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதியைத் தருக” என்று கேட்டால், கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பது தெரியவரும். தகவல் மறுக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் தீராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். இந்தத் திகதிகளைக் குறித்துவைக்கும் பொறுப்பைச் சங்கச் செயலாளர் ஒருவரிடம் மட்டும் விடாமல், நிர்வாக சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நிரந்தர விடயமாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. செயலாளர் மாறினால் கோப்பு அவர் வீட்டு அலுமாரியிலேயே தங்கிவிடும்.